பிரகாசி மைனி வரையாத ஆள்

எங்கள் மச்சாது காம்பவுண்டில் தையல்காரப் பிரகாசி மைனியின் வயிற்றுக்குள் தண்ணீர் தளும்ப ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை, குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாளாகியிருந்தது, அதனால் எங்களுக்கு முதலில் ஆச்சரியம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. பதினொரு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் அவள் நடந்தால் தளக் தளக்கென்று கேட்டது, குனிந்தால் சத்தம் தொண்டைப் பக்கம் ஏறியது, நின்றால் கொஞ்ச நேரம் ஆடி அடங்கியது. யார் வீட்டு உலை கொதித்தாலும் மூடியைத் திறந்து பார்க்கிற உரிமை தனக்கு உண்டு என்று நினைக்கிற வியாகுலம், மைனியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "முக்காக் கொடம் இருக்கும்" என்றாள். மறுநாள் காலைப் பூசை மணி அடித்ததும் சத்தம் நின்றுவிட்டது. நாங்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போனோம்.

அது எப்படி வந்தது என்பதில் சொல்ல அதிகம் இல்லை. மாதா கோயில் ஹாலில் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பெரியவர்களுக்கு ஓவிய வகுப்பு நடந்தது. நடத்தியவள் உலகம்மாள் டீச்சர், தென்காசிப் பக்கத்துப் பெண், இருபத்தேழு வயது, பெயருக்கு மட்டும் எழுபது. மதுரையில் தத்துவம் எம்.ஏ. படித்தவள், அதிலும் உடம்பைப் பற்றிய தத்துவம். அதற்கு எந்த ஊரில் வேலை தருகிறார்கள், ஆகவே ஓவியப் பரீட்சையும் எழுதித் தேறி ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக வந்து சேர்ந்தாள், ஆனால் படித்த படிப்பை வீட்டில் வைத்துவிட்டு வர அவளால் முடியவில்லை. முதல் வகுப்பிலேயே மேசைமேல் ஒரு பித்தளைக் குடத்தை வைத்துவிட்டு, எங்கள் பதினான்கு பேரையும் பார்த்து, "கண்ண மட்டும் வச்சு வரையாதீங்க. நமக்கு ஒடம்பு இருக்குன்னு சொல்லுதோம்லா, அது தப்பு. நாமளே ஒடம்புதான். கொடத்த வரையணும்னா முதல்ல கொடம் மாதிரி உக்காருங்க" என்றாள்.

சிரித்தோம். ரிட்டயர்டு கஸ்டம்ஸ் குமாஸ்தா ஒருவர் எழுந்தே போய்விட்டார். பிரகாசி மைனி மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் முப்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறவளுக்குச் சொன்னதைச் சொன்னபடி செய்துதான் பழக்கம். கழுத்து இறக்கம் ஏழு என்றால் ஏழு, அது உனக்கு நல்லா இருக்காது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கால்களை மடக்கி, கைகளை இடுப்பில் வைத்து, மூச்சை வயிற்றில் நிறுத்திக் குடமாக உட்கார்ந்தாள், அப்படியே உட்கார்ந்து வரைந்தாள், படம் முடிந்ததும் எழுந்தாள், தளும்பினாள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அவள் எதற்காக அந்த வகுப்புக்குப் போனாள் என்பதைச் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொன்னால் நான் வெறும் வித்தை காட்டுகிறவளாகிவிடுவேன். மைனியின் வீட்டுக்காரர் கஸ்பார் அண்ணன் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டியவர், கப்பலில் இருந்து ஒரு டன் பெட்டியைத் தூக்கித் தரையில் முட்டை வைக்கிற மாதிரி வைப்பார் என்று பெயர். மூன்று வருடமாக வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்க் கட்டிலில் கிடந்தார். இடது கையில் விரல்கள் மட்டும் அசையும், கண் திரும்பும், விழுங்குவார், வேறொன்றும் இல்லை. மைனி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பாள், துடைப்பாள், கஞ்சி ஊட்டுவாள், மகள் கோயம்புத்தூரில் இருந்து போனில் கேட்டால் நல்லா இருக்காவ என்பாள். ஆனால் அவருடைய கண்ணை அவள் பார்க்கமாட்டாள். பார்த்தால் அந்தக் கண்ணில் ஏதோ ஒன்று அவளையே பிடித்து நிறுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தது, அதை அவள் கோபம் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வியாகுலம் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கண்ணில் இருந்து இரண்டு மணி நேரம் வெளியே இருக்கலாம் என்றுதான் ஓவியம் கற்கப் போனாள்.

கோபம் என்று அவள் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது, இப்போது தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இருவருக்கும் சண்டை, விருந்தாளிகள் முன்னால் அவள் வைத்த குழம்பைப் பற்றி அவர் ஏதோ நக்கல் செய்துவிட்டார். விருந்தாளிகள் போனதும் அவர் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. கோபம் வந்தால் ஸ்டூலை எட்டி உதைப்பது அவர் வழக்கம், ஆகவே மைனி வெளி அறையில் உட்கார்ந்து யார் கல்யாணத்துக்கோ தோழிப் பெண்களின் ஜாக்கெட்டைத் தைத்துக்கொண்டே இருந்தாள், வீம்புக்கு மெஷினை இன்னும் கொஞ்சம் வேகமாகவே மிதித்தாள். இரண்டு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது அவர் தரையில் கிடந்தார். ரெண்டு மணி நேரம் முன்னால கொண்டாந்திருக்கலாமே என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். சத்தம் கேட்டதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தவருக்கு மெஷின் சத்தம் கேட்டிருக்கும் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயம்.

குடத்துக்குப் பிறகு அவள் செங்கல் வரைந்தாள், அன்று பூராவும் அடுப்படியில் சூடாகவே கிடந்தாள். மறுவாரம் கயிறு வரைந்தாள், கழுத்தில் இருந்து கால் வரை முறுக்கிக்கொண்டது. கோழி சரியாக வரவில்லை, கழுத்து மட்டும்தான் சரி, ஆகவே கழுத்து மட்டும் அன்று முழுக்க முன்னும் பின்னும் வெட்டிக்கொண்டிருந்தது, அதோடு உட்கார்ந்து அவள் கொக்கி தைத்ததைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஆண்டவர் மன்னிக்கட்டும். இதில் டீச்சருக்கு ஒரு வசதி இருந்தது. எங்கள் படத்துக்கெல்லாம் அவள் நன்று, பரவாயில்லை என்று ஏதாவது யோசித்து எழுத வேண்டும். மைனி படத்துக்கு அது தேவைப்படவில்லை, உடம்பில் வந்தால் சரி, வராவிட்டால் அழித்துவிட்டு மறுபடி. நானும் ஒரு செங்கலை வரைந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதுகுவலிதான் வந்தது, அதுவும் பெஞ்சால் வந்தது.

காம்பவுண்டில் இதை எப்படி எடுத்துக்கொண்டோம் என்றால், தண்ணீர் முறை மாதிரி எடுத்துக்கொண்டோம். முதலில் பங்குச்சாமியிடம் போனோம், இது ஆண்டவர் செய்கிற புதுமையா, பிசாசின் சோதனையா என்று கேட்டோம், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஆயருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். எழுதவே கூடாது என்று வியாகுலம் கையைக் காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்துவிட்டாள், "புதுமைன்னு சொல்லிட்டா சனம் வண்டி கட்டி வரும் சாமி, ஒரு கொழாயத்தான் பதினோரு வீட்டுக்கு வச்சிருக்கோம்" என்றாள். சாமியாருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆகவே புதுமை எங்கள் காம்பவுண்டோடு நின்றது. குழாயில் தண்ணீர் வருகிற நாளில் மைனி கனமான பொருள் எதையும் வரையக் கூடாது, அவள் குடத்தை யார் தூக்குவது. தவக்காலத்தில் பழம் பட்சணம் வரையக் கூடாது, அது உபவாசத்தை முறித்த கணக்கில் வரும். கப்பலை எக்காரணம் கொண்டும் வரையக் கூடாது என்று முற்றத்துச் சுவரில் கரியால் எழுதியே போட்டோம்.

பொருள்கள் முடிந்து ஆட்களை வரைய ஆரம்பித்தபோதுதான் மைனிக்குச் சிக்கல் வந்தது. அவள் வரைந்த மனுஷர்கள் கத்தரித்த துணி மாதிரி இருந்தார்கள்: முன்பாகம் தனி, பின்பாகம் தனி, கை இரண்டும் ஓரத்தில் தனியாக. ஒட்டி வரையச் சொன்னால் ஒட்டினாள், ஆனால் எல்லாரும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார்கள். ஒல்லிக்குச்சியான என்னை வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு டீச்சர், "ஏங்க்கா, ஜெசிந்தா அக்காவ இம்புட்டுத் தடியாப் போட்டிருக்கிய?" என்று கேட்டாள்.

"உள்ள ஒரு இன்ச்சு விட்டிருக்கேன் டீச்சர். பின்னால ஒடம்பு போட்டா பிரிச்சுக்கிடலாம்."

டீச்சர் சிரிக்கவில்லை, அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள், "நீங்க அளவெடுக்கும்போது டேப்பப் பாப்பியளா, ஆளப் பாப்பியளா?"

"ரெண்டையும் பாக்கமாட்டேன். வெரலு பாத்துக்கிடும். டேப்பு சும்மா ஒரு சாட்சிக்கு."

"தைக்கும்போது நீங்க எங்க இருப்பிய?"

"மெஷின்லதான்."

"மெஷின்ல எங்க?"

மைனி யோசித்தாள். யோசிக்கும்போது அவளுடைய வலது கை தானாக ஒரு துணியை நகர்த்துகிற மாதிரி நகர்ந்தது. "ஊசி மொனையில இருப்பேன்" என்றாள்.

"அங்கதான் இருக்கணும்" என்றாள் டீச்சர், "பென்சிலப் பிடிச்ச கையில இல்ல, கோடு போற எடத்துல. அங்க இருந்துக்கிட்டே எதிர உக்காந்திருக்கவுக தோளுக்குள்ளயும் இருக்கணும். எனக்கு இதப் பத்தி அம்பது பக்கம் எழுதத் தெரியும், செய்யத் தெரியாது. ஒங்களுக்குச் செய்யத் தெரியுது." சொல்லிவிட்டு அவள் நோட்டை எடுத்து ஊசிமுனை என்று எழுதிக்கொண்டாள், எழுதும்போது அவள் முகத்தில் ஒரு ஏக்கம் இருந்தது, நல்ல பசியோடு அடுத்த வீட்டுச் சாப்பாட்டைப் பார்க்கிற ஏக்கம்.

அதன் பிறகு ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தது மூன்றாம் வீட்டு மருமகளின் முழங்கால். ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆகவே அவள் தண்ணீர் எடுக்கச் சோம்பல்பட்டு நடிக்கிறாள் என்று அவள் மாமியார் மட்டும் அல்ல, பொதுவாக எல்லாருமே, நான் உட்பட, முடிவுகட்டியிருந்தோம். மைனி அந்த முழங்காலை வரைந்தாள், வரைந்துவிட்டு எழப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள், அன்று குழாயடியில் குனிய முடியாமல் வேர்த்து விறுவிறுத்து நின்றதை எல்லாரும் பார்த்தோம். மாமியார் மருமகளின் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். பிறகு ஓயாமல் அழுத கைக்குழந்தை ஒன்று. காதுவலி, இடது காது என்று சொன்னாள். சினையாடு ஒன்று, இரட்டைக்குட்டி, ஒன்று தலைகீழாக இருக்கிறது என்றாள். காய்க்காத தென்னை ஒன்றைக் கொண்டுவர முடியாமல் அதன் சொந்தக்காரர் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று மைனி வீட்டுக்குள் உட்காரவே இல்லை, முற்றத்தில் நின்று அசைந்துகொண்டே இருந்தாள், பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்து, "உப்பு, உப்பு, காலெல்லாம் உப்பு" என்றாள்.

எங்களுக்கு இதெல்லாம் சௌகரியமாக இருந்தது, அவளுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. திங்கள் வேறொருத்தி இடுப்பு, வியாழன் வேறொருத்தர் நெஞ்சு, நடுவில் இரண்டு நாள் தன் உடம்பு திரும்பிவரும்போது அது ஊருக்குப் போய்வந்த வீடு மாதிரி ஒரு வாடையோடு இருக்கும். அவளுடைய ஜாக்கெட்டே அவளுக்குப் பொருந்தாமல் போனது. தைக்க உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நிற்பாள், அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பாள், நடக்கும்போது யார் நடை என்றே எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் வருகிற ஒருவரையும் அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. எவ்வளவு பேரை வரைகிறாளோ அவ்வளவு நாள் ஒரு ஆளை வரையாமல் தள்ளிப்போடலாம் அல்லவா. எங்கள் மரமண்டைக்கு அது அப்போது எட்டவில்லை, இவளுக்குச் சேவை மனசு என்று கோயிலில் பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தோம்.

கேட்டவள் வியாகுலம்தான். "ஊரு ஆட்டையெல்லாம் வரைஞ்சு சொல்லுத. வீட்டுக்குள்ள கெடக்க மனுசனுக்கு என்ன செய்யுதுன்னு ஒனக்குத் தெரிய வேண்டாமாக்கும்?"

"அவுகளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்காவ."

"அத அவரு சொல்லட்டும்."

"இன்னும் கை வரல வியாகுலம். மொகம் வரமாட்டேங்கு." ஆட்டின் முகம்கூட வந்த கை. வியாகுலம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் ஆடி மாதம் கஸ்பார் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். கஞ்சியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கினார். மைனி ஊட்டினாலும் இறுக்கினார், வியாகுலம் ஊட்டினாலும் இறுக்கினார், நான் ஊட்டியபோது கண்ணையும் சேர்த்து இறுக்கினார். முதல் நாள் வயிற்றுக் கோளாறு என்றோம், இரண்டாம் நாள் டாக்டரை அழைத்துவந்தோம், அவர் எல்லாம் பார்த்துவிட்டு உடம்பில் புதிதாக ஒன்றும் இல்லை, மனசு விட்டிருக்கலாம், இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும், அதையும் அவர் ஏற்றால்தான் என்றார். மைனி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றாள். மூன்று வருடம் கேட்டுக்கொண்டே இருந்த கண் இப்போது பதில் சொல்லிவிட்டது என்று அவள் நினைத்தாள். உன் கையால் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவள் முகத்தை நான் அன்று பார்த்தேன், என் வாழ்நாளில் அப்படி ஒரு முகத்தை வரையச் சொன்னால் நான் பென்சிலைத் தொடமாட்டேன்.

இப்போது காம்பவுண்டு மொத்தமும் கேட்டது. வரை, வரைந்து பார், என்ன வேண்டுமாம் அவருக்கு, வலியா, சாவா, மகளைப் பார்க்க வேண்டுமா, சொல்லிவிட்டால் செய்துவிடலாம் அல்லவா. மைனி டீச்சரிடம் ஓடினாள். உச்சிவெயிலில் ஓடிப்போனவள் டீச்சர் தங்கியிருந்த ஹாஸ்டல் வாசலில் நின்று மூச்சு வாங்க, "அவுக கண்ண என்னால பாக்க முடியாது டீச்சர், எப்பிடி வரைய?" என்றாள். நானும் பின்னாலேயே போயிருந்தேன்.

டீச்சர் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "கண்ணுலதான் ஆளு இருக்காருன்னு யாரு சொன்னா?"

"வேற எங்க இருப்பாவ?"

"ஒங்களுக்குத் தெரியும்க்கா. எனக்குத் தெரியாது. எங்க பாக்க முடியுதோ அங்க இருந்து வரைங்க."

மறுநாள்தான் மாதா கோயில் திருவிழாவில் சப்பரம், அந்த நாளையே அவள் தேர்ந்தெடுத்தாள், அன்று மதியத்துக்கு மேல் காம்பவுண்டில் ஈ காக்கை இருக்காது. நாங்கள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனபோது அவள் வாசலில் நின்று போயிட்டு வாங்க என்றாள். பிறகு நடந்ததை அவளே சொன்னதால் சொல்கிறேன். அண்ணனை அப்போதுதான் சுவர்ப்பக்கம் பார்த்துப் புரட்டிப் படுக்கவைத்திருந்தாள். சட்டை இல்லாத முதுகு. கட்டிலில் அவருக்குப் பின்னால் காலை மடக்கி உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து, கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்தாள். முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்த முதுகு. ஊர்ப் பெண்களின் முதுகையெல்லாம் விரலால் அளந்தவள், பொம்பளைகளுக்குத் தைக்கிறவள் ஆண்களுக்கு அளவெடுப்பதில்லை என்பதால் அவருக்கு மட்டும் ஒருநாளும் டேப்பு வைத்ததில்லை.

அன்று அவள் உள்ளே ஒரு இன்ச்சும் விடவில்லை. கழுத்தில் இருந்து கோடு இறங்கியது, விஞ்சு இழுத்த தோள், இழுக்காமல் விட்டதால் சரிந்த தோள், எலும்பு தெரிகிற விலா, நடுவில் ஓடுகிற பள்ளம். வண்ணம் குழைத்தாள், பழுப்பு மட்டும் போதவில்லை, துளி பச்சை, துளி சிவப்பு, வெயில் படாமல் மூன்று வருடம் வெளுத்த இடத்துக்குக் கொஞ்சம் மஞ்சள். தூரிகையை வைக்கிற ஒவ்வொரு இடத்திலும் கை வைப்பதுபோல் இருந்தது என்றாள். சப்பரத்து வேட்டு ஹார்பர் பக்கம் கேட்டது, பிறகு சந்தைப் பக்கம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. இடுப்பு மடிப்பில் கடைசி நிழலை வைத்தபோது வலது கையில் இருந்து தூரிகை விழுந்தது, பலகை விழுந்தது, வலது பக்கம் முழுக்க யாரோ விளக்கை அணைத்த மாதிரி போய்விட்டது. அவள் அப்படியே சரிந்து அவருக்குப் பின்னால் படுத்த மேனிக்கு விழுந்தாள், அவளுடைய இடது கை அவர் முதுகின் மேல் விழுந்தது.

கோபத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். தாடையில் இருக்கும் என்று நினைத்தாள், இல்லை, தாடை சும்மா இறுகியிருந்தது. நெஞ்சில் இருக்கும் என்று தேடினாள், நெஞ்சில் அலுப்பும் பசியும் இருந்தன. பிறகுதான் அது வந்தது, வந்து மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டு நின்றது: முதுகின் நடுவில், இடது தோள்பட்டை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில், ஒரு அரிப்பு. அரிப்பு என்று சொன்னால் உங்களுக்கு விளங்காது. பைத்தியம் பிடிக்கவைக்கிற அரிப்பு, கத்தத் தோன்றுகிற, வாயை இறுக்கத் தோன்றுகிற, தலையைச் சுவரில் மோதலாம் என்று தோன்றுகிற, மோத உடம்பு இல்லாத அரிப்பு. அவர் படுக்கையில் விழுந்த முதல் வருடம் அந்த இடத்தில்தான் படுக்கைப் புண் வந்து ஆறியிருந்தது. ஆறின இடத்தை உரசிவிடாதே என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் அல்லவா, மைனி தினமும் துடைக்கும்போது அந்த ஒரு இடத்தை மட்டும் தொடாமல், பவுடர்கூட மேலாகத் தூவி, சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள், இரண்டு வருடமாக. கோபம் இருந்தது, இல்லாமல் இல்லை. அவள் மேல்தான் இருந்தது. ஆனால் அன்று திறக்காமல் விட்ட அந்தக் கதவின் மேல் இல்லை, தினமும் அங்கேயே வந்து அங்கே மட்டும் தொடாமல் போகிற அந்தக் கையின் மேல் இருந்தது.

இப்போது அதே அரிப்பு அவள் முதுகிலும் இருந்தது, அவளுக்கும் கை எட்டாது, அவளுக்கும் வலது பக்கம் இல்லை, அவளுக்கும் விரல்கள் மட்டுமே அசைந்தன. அந்த விரல்கள் அவர் முதுகின்மேல் கிடந்தன. அவள் அவற்றை நகர்த்தினாள். ஒரு விரற்கடை தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆனதென்று அவளுக்குத் தெரியாது, எங்கே போக வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளுக்கே அங்கேதான் அரித்தது. நகம் போய்ச் சேர்ந்தது. அவர் முதுகைச் சொறிந்தாள், அவள் முதுகில் அது அடங்கியது.

சப்பரம் முடிந்து விளக்கேற்றுகிற நேரத்துக்கு நாங்கள் திரும்பிவந்தபோது இருவரும் ஒரே கட்டிலில் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தார்கள். இரண்டு பேருக்கும் வாதம் வந்துவிட்டது என்று வியாகுலம் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள். கீழே கிடந்த படத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது, வியாகுலத்தின் வாயைப் பொத்தினேன். மைனியின் விரல்கள் மட்டும் எறும்பு ஊர்வதுபோல அசைந்துகொண்டிருந்தன. அவள் ஏதோ சொல்லப் பார்த்தாள், ஆனால் நாக்கு அவருடைய நாக்கு, வெறும் சத்தம்தான் வந்தது. உடனே அவர் தொண்டையில் இருந்தும் அதே மாதிரி ஒரு சத்தம் வந்தது, மூன்று வருடத்தில் நாங்கள் கேட்காத சத்தம். வியாகுலம் என்ன நினைத்தாளோ, அடுப்படிக்கு ஓடிக் கஞ்சியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் வாயைத் திறந்தார். இருவருக்கும் மாறி மாறி ஊட்டினோம்.

விடிந்து பூசை மணி அடிக்கும் என்று காம்பவுண்டு மொத்தமும் அந்த வீட்டு வாசலில் நின்றது. டீச்சரும் நோட்டோடு வந்துவிட்டாள். உடம்பு திரும்பியதும் மைனி என்ன சொல்லப்போகிறாள், உள்ளே என்ன இருந்தது, அவருக்கு என்ன வேண்டும். மணி அடித்தது. மைனி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள், வலது கையை விரித்து மடக்கிப் பார்த்தாள், எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜெசிந்தா, ஒரு சீப்பு எடுத்துட்டு வா" என்றாள்.

ஓடிப்போய் என் தலையில் இருந்ததையே பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் அதை அந்த இடத்தில் வைத்து, கூசாமல், பயப்படாமல், மேலும் கீழுமாக இழுத்தாள். அண்ணன் மூச்சை நீளமாக விட்டார். நாங்கள் இத்தனை பேர் வாசலில் நிற்கிறோம் என்பதை அவள் மறந்துவிட்டாளா, இல்லை நாங்கள் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாளா, தெரியவில்லை, கையை நிறுத்தாமலே அவர் முதுகைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நீங்க விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் தச்சேன். வீம்பு புடிச்சு ரெண்டு மணி நேரம் தச்சேன். யார்ட்டயும் சொல்லல. ஒங்ககிட்டயும் சொல்லல."

சீப்பு நின்றுவிட்டது, அவர் என்ன செய்வார் என்று நாங்களும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு கஸ்பார் அண்ணன், மூன்று வருடமாக யாராவது புரட்டினால் மட்டுமே புரண்டவர், இடது தோளை மெத்தையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, தன் முதுகை ஒரு அரை விரற்கடை அளவுக்குச் சீப்பின் பக்கம் நகர்த்தினார்.